கூட்டம் போடும் சத்தமும் பாட்டுதான்! - ஆரம்பகால லைவ் ரெக்கார்டிங்குகள் ஏன் இப்படி இழுக்கின்றன?

ஆடி பிறந்துவிட்டால் எர்ணாவூரில் தெருவுக்குத் தெரு சீரியல் லைட்தான். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடிந்த கையோடு ராத்திரி கச்சேரிக்கு மேடை தயாராகிவிடும். ஒரு பக்கம், எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் உறுமல். இன்னொரு பக்கம் டோலக், சட்டி, கானா. மேடைக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் செல்போன் உயர்ந்திருக்கும். விடிவதற்குள் அதில் ஒன்றிரண்டு வீடியோக்கள் யூடியூபிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஏறிவிடும்.

அப்படி ஒரு வீடியோவைப் போட்டுப் பாருங்கள். படம் ஆடும். பாடகரின் முகத்தை யாரோ ஒருவரின் தலை மறைக்கும். ஸ்பீக்கர் கரகரக்கும். பாட்டுக்கு நடுவே ஒரு விசில், ஒரு குழந்தையின் அழுகை, "கொஞ்சம் தள்ளுண்ணே" என்று ஒரு குரல். டெக்னிக்கலாகப் பார்த்தால் பத்துக்கு மூணு மார்க்கூட தேறாது. ஆனால், அதே பாடகர் ஸ்டுடியோவில் பாடிய பளபள வெர்ஷன் பக்கத்திலேயே இருந்தாலும், ஏரியா பசங்க திரும்பத் திரும்பப் போடுவது இந்தக் கரகரப்பு வீடியோவைத்தான்.

இது ஏதோ வட சென்னைக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். உலகம் முழுக்க ராக் இசை ரசிகர்கள் அறுபது வருஷமாக இதையேதான் செய்துகொண்டிருக்கிறார்கள். பெரிய ராக் பேண்டுகளின் ஆரம்பகால மேடைப் பதிவுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பது அங்கே ஒரு தனி உலகம். அந்த மவுசுக்கு என்ன காரணம்? அதில் நம் ஊர் கானாவுக்கு என்ன பாடம் இருக்கிறது?

ஒரு துறைமுக ஊரில், ஒரு மைக்

கதையை ஹாம்பர்க்கில் ஆரம்பிக்கலாம். ஜெர்மனியின் பெரிய துறைமுக நகரம். கப்பலிலிருந்து இறங்கும் மாலுமிகளும் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்களும் பொழுதுபோக்குக்கு வரும் பகுதியில் வரிசையாக கிளப்புகள். 1960 ஆகஸ்ட்டில் அங்கே வேலைக்கு வந்து சேர்ந்தது இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த ஒரு பையன்கள் குழு. பெயர், பீட்டில்ஸ். லிவர்பூலும் துறைமுக ஊர்தான்.

ஒரு ராத்திரிக்கு ஒரு பாட்டு, இரண்டு பாட்டு இல்லை. மணிக்கணக்கில் வாசிக்க வேண்டும். குடித்துவிட்டுச் சத்தம் போடும் கூட்டத்தைப் பாட்டாலேயே கட்டிப்போட வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் பக்கத்து கிளப்புக்கு நடையைக் கட்டிவிடும். அந்த மேடைகளில்தான் பீட்டில்ஸ் உரம் ஏறியது.

1962 டிசம்பர் கடைசியில், அங்கே ஸ்டார் கிளப்பில் அவர்கள் வாசித்ததை யாரோ வீட்டில் பயன்படுத்தும் சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்தார்கள். முதல் சிங்கிள் வெளியாகி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இன்னும் ஒன்றரை வருஷத்துக்குள் உலகமே தங்கள் பெயரைக் கத்தப்போகிறது என்று அந்த நான்கு பேருக்கும் அன்றைக்குத் தெரியாது. அந்த டேப் பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்து, 1977-ல் ஆல்பமாக வெளிவந்தது.

சத்தத்தின் தரம் மோசம்தான். பாடும் குரல் சில இடங்களில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஆனால் பாட்டின் வேகம் இருக்கிறதே... ஸ்டுடியோவில் இழைத்து எடுத்த பீட்டில்ஸில் அது கிடையாது. பசியோடு இருக்கும் நான்கு இளைஞர்கள் கூட்டத்தை விடக் கூடாது என்று வெறியோடு வாசிக்கிற வேகம் அது.

இதை 1965-ம் வருஷத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நியூயார்க்கின் ஷியா ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூடிய பிரமாண்டக் கச்சேரி. ரசிகர்கள் போட்ட கூச்சலில், மேடையில் நின்றவர்களுக்கே தாங்கள் வாசிப்பது சரியாகக் கேட்கவில்லை. 1966 ஆகஸ்ட்டோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்வதையே பீட்டில்ஸ் நிறுத்திவிட்டது. ஹாம்பர்க்கில் பாட்டு கூட்டத்தைப் பிடித்தது. ஷியாவில் கூட்டம் பாட்டை விழுங்கிவிட்டது. 'ஆரம்பகால' என்ற சொல்லுக்கு ரசிகர்கள் ஏன் அவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பது இதிலேயே புரிந்துவிடும்.

கரகரப்பைத் திருத்தாதே!

1970 பிப்ரவரி 14. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம். மாணவர்கள் சாப்பிடும் பெரிய கூடத்தில் 'தி ஹூ' பேண்டின் கச்சேரி. ஆடம்பர அரங்கம் கிடையாது, கேன்டீன்தான். அன்றைய பதிவு 'லைவ் அட் லீட்ஸ்' என்ற பெயரில் அதே வருஷம் வெளிவந்தது. மொத்தமே 6 பாட்டு. அட்டையில் பளிச்சென்று ஒரு போட்டோகூட இல்லை. திருட்டுத்தனமாக விற்கும் ரெக்கார்டு போல, பழுப்பு நிற அட்டையில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது மாதிரி பெயர். இசைத்தட்டின் நடுவே ஒட்டியிருந்த லேபிளில், கரகர சத்தம் வந்தால் அது இருக்கட்டும், திருத்த வேண்டாம் என்று கையால் எழுதியே போட்டிருந்தார்கள்.

ஸ்டுடியோவில் மூன்றே சொச்சம் நிமிடம் ஓடும் அவர்களின் 'மை ஜெனரேஷன்' பாட்டு, அந்தக் கூடத்தில் கால் மணி நேரத்தைத் தொட்டது. நடுவில் வேறு பாட்டின் துண்டு வருகிறது. கிட்டார் அடங்குகிறது, திரும்ப எழுகிறது. அடுத்து எங்கே போகிறோம் என்று வாசிப்பவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 1972 ஆகஸ்ட் 15, 16, 17. டீப் பர்ப்பிள் பேண்ட் ஜப்பானின் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மூன்று நாள் வாசித்தது. லைவ் ஆல்பம் வேண்டும் என்று கேட்டது ஜப்பான் ரெக்கார்டு கம்பெனிதான். பேண்டுக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. ஆனால் 'மேட் இன் ஜப்பான்' என்று வெளிவந்த அந்த இரட்டை இசைத்தட்டு, இன்றைக்கும் ராக் வரலாற்றின் சிறந்த லைவ் ஆல்பங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. இரண்டு தட்டிலும் சேர்த்து 7 பாட்டுதான். ஸ்டுடியோவில் நாலரை நிமிடம் இருந்த ஒரு பாட்டு, இங்கே கிட்டத்தட்ட 20 நிமிடம். ஒரு தட்டின் ஒரு பக்கம் முழுக்க அதுவேதான். மேடையில் வாசித்ததற்கு மேல் ஸ்டுடியோவில் ஒட்டுவேலை எதுவும் செய்யவில்லை என்பது அந்த ஆல்பத்தின் பெருமை.

ராக்கைத் தாண்டியும் ஒரு கதை உண்டு. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன், நியூயார்க்கின் அப்பல்லோ தியேட்டரில் தன் கச்சேரியைப் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி முதலாளியிடம் கேட்டார். 'ஏற்கெனவே வந்த பாட்டுகளையே யார் திரும்பக் காசு கொடுத்து வாங்குவார்கள்?' என்பது முதலாளியின் கணக்கு. பிரவுன் தன் கைக்காசைப் போட்டு, 1962 அக்டோபர் 24-ம் தேதி பதிவு செய்தார். அடுத்த வருஷம் வெளியான அந்த ஆல்பம், அமெரிக்க ஆல்பம் வரிசையில் 66 வாரம் நின்றது. அதில் கூட்டத்திலிருந்து எழும் பெண்களின் கூச்சலை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் தனியாகக் கேட்டால் பாதி உயிர் போய்விடும்.

அந்த மேஜிக் எங்கே இருக்கிறது?

மூன்று விஷயங்களைச் சொல்லலாம்.

முதலாவது, கூட்டம். லைவ் பதிவில் கூட்டமும் ஒரு வாத்தியம். எங்கே கை தட்டல் எழுகிறதோ அங்கே டிரம்மர் இன்னும் ஓங்கி அடிப்பார். எங்கே கூட்டம் சோர்கிறதோ அங்கே பாடகர் பாட்டைச் சுருக்கிவிடுவார். இந்தப் பேச்சுவார்த்தை ஸ்டுடியோவின் நான்கு சுவருக்குள் நடக்காது.

இரண்டாவது, தப்பு. ஸ்டுடியோவில் சுருதி விலகினால் 'ஒன் மோர்' போகலாம். இன்றைக்கு சாஃப்ட்வேரே சுருதியைச் சரிசெய்துவிடும். மேடையில் அந்த வசதி கிடையாது. தப்பு வந்தால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படித் தாண்டும்போது ஒரு கலைஞர் யார் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, முடிவாகாத பாட்டு. ஆரம்பகால மேடைகளில் பாட்டு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். வரி மாறும், மெட்டு மாறும், நீளம் மாறும். ஆல்பமாக வந்த பிறகு அதுதான் சட்டம் என்று ஆகிவிடும். அதற்கு முந்தைய பதிவைக் கேட்பது, வீடு கட்டி முடிப்பதற்கு முன் அஸ்திவாரத்தைப் பார்ப்பது போல.

எல்லா லைவ் பதிவும் உசத்தி என்று இதற்கு அர்த்தமில்லை. தூங்கி வழியும் கச்சேரிகளும் உண்டு. 'லைவ்' என்று பெயர் போட்டுவிட்டுப் பாதியை ஸ்டுடியோவில் மறுபடி வாசித்து ஒட்டிய ஆல்பங்களும் நிறைய. ஆனால் நிஜமாகவே நல்ல ராத்திரி ஒன்று டேப்பில் மாட்டிக்கொண்டால், அதற்கு ஈடு கிடையாது.

ஒரே ஒருமுறை பாடப்படும் பாட்டு

இந்த மூன்றையும் அப்படியே கானாவில் பொருத்திப் பாருங்கள். கானாவின் பிறப்பே லைவ்தான்.

வட சென்னையின் மரண கானாவை எடுத்துக்கொள்வோம். ராயபுரமோ, திருவொற்றியூரோ, எர்ணாவூரோ, சாவு வீட்டின் முன்னால் பந்தல் போட்டிருக்கும். எடுக்கிற நேரம் வரை உறவுக்காரர்கள் விழித்திருக்க வேண்டும். அந்த நீளமான ராத்திரியைத் தாண்ட உதவுவது பாட்டு. டோலக், சட்டி, கட்டமொளம், தாளம், சில இடங்களில் ஆர்மோனியம், 'பேஞ்சோ' என்று சொல்லப்படும் புல்புல்தாரா. பாடகர் இறந்தவரின் பெயரைப் பாட்டுக்குள் கொண்டுவருவார். அவர் என்ன வேலை பார்த்தார், எந்தத் தெரு, யார் யாரை விட்டுவிட்டுப் போனார் என்பதெல்லாம் மெட்டுக்குள் வந்து உட்காரும். பாடகர் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கோரஸில் திருப்பிக் கொடுப்பார்கள்.

அதனால், ஒரு ராத்திரி பாடிய பாட்டு அதே மாதிரி இன்னொரு ராத்திரி வராது. வர முடியாது. அடுத்த வீட்டில் பெயர் வேறு, உறவு வேறு, துக்கம் வேறு. அந்த ராத்திரியின் பதிவு ஒன்று இருந்தால்தான் அந்தப் பாட்டு உண்டு. இல்லாவிட்டால் அதுவும் போனவரோடு போய்விடும்.

சினிமா கானாவை எடுத்துக்கொண்டது. தேவாவின் இசையில் தொண்ணூறுகளில் தமிழ்நாடு முழுக்க கானா ஆடியது. 2006-ல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதனின் மீன் கல்யாணப் பாட்டு பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. 2012-ல் 'அட்டகத்தி' மூலம் கானா பாலாவின் குரல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. இந்தப் பாடல்கள் வந்ததால்தான் ராயபுரத்தைப் பார்த்தேயிராதவர்களுக்கும் கானா தெரிந்தது. அந்த நன்மையை மறுக்க முடியாது.

ஆனால் சினிமாவுக்கு வரும்போது பாட்டு நாலு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். கதாநாயகனுக்குப் பொருந்த வேண்டும். சென்சாரைத் தாண்ட வேண்டும். அந்த வெட்டில் விழுந்துபோவது எது என்று தெரிய வேண்டுமானால், அதே பாடகர்களின் பழைய மேடைப் பதிவுகளைத்தான் கேட்க வேண்டும்.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு ஜனவரி மாலை

தமிழில் 'பேண்டின் முதல் மேடை' என்று சொன்னால், சமீப காலத்தில் முதலில் நினைவுக்கு வருவது 2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானம். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, முதன்முறையாக மேடை ஏறிய மாலை அது.

'சாதிபேதமற்ற தமிழர்கள்' என்று அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய சொற்களிலிருந்து பிறந்த பெயர். மேடையில் 19 பேர். கானா பாடகர்கள் ஒரு பக்கம், ராப் பாடும் அறிவு ஒரு பக்கம், எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் கட்டமொளமும் இன்னொரு பக்கம். அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் பாடகி, ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி. ஆண்களே ஆண்டுகொண்டிருந்த கானா மேடையில் ஒரு பெண்ணின் குரல் ஓங்கி ஒலித்தது பெரிய விஷயம். 2020-ல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி, வட சென்னை வாழ்க்கை என்று அவர்கள் பாடியதெல்லாம், டிவி நிகழ்ச்சியில் கேட்கக் கிடைக்காத சங்கதிகள். பிறகு ஸ்டுடியோவில் எடுத்த பாட்டுகளும் வந்தன. சவுண்ட் துல்லியமாக இருக்கும். ஆனாலும், அந்த முதல் மேடையின் வீடியோவைப் பார்த்தால் ஒன்று தெரியும். தங்கள் தெருவின் வாத்தியம், தங்கள் தெருவின் பேச்சு, இவ்வளவு பெரிய மேடையில், இவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் வருகிறது என்கிற கூட்டத்தின் உற்சாகம். அந்த உற்சாகத்தை எந்த ஸ்டுடியோவாலும் செய்துதர முடியாது. வருஷங்கள் போன பிறகும் இந்தப் பதிவு தேடிப் பார்க்கப்படும் என்றால், அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

எர்ணாவூருக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம். 2017 ஜனவரியில் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதியதை டி.எம்.கிருஷ்ணா கர்னாடக இசையில் பாடினார். காட்சிகள் எடுக்கப்பட்டது எண்ணூர் கழிமுகத்தில். பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், சாம்பல் படிந்த தண்ணீர். ஏ.சி. சபாவில் அதே ராகங்களைக் கேட்பதற்கும், அந்த இடத்தில் நின்று பாடுவதைப் பார்ப்பதற்கும் இடையே ஒரு உலகமே இருக்கிறது. பாட்டு எங்கே பாடப்படுகிறது என்பதும் பாட்டின் பாதிதான்.

சபாவுக்கு ஒரு பீரோ இருந்தது

இங்கே ஒரு கசப்பான கணக்கைப் பார்க்க வேண்டும்.

சென்னையில் லைவ் பதிவுகளைச் சேர்ப்பது புதிய பழக்கமில்லை. கர்னாடக இசை ரசிகர்கள் பல தலைமுறைகளாக இதைச் செய்கிறார்கள். ஸ்பூல் டேப் காலத்திலிருந்தே சபாக் கச்சேரிகளைப் பதிவு செய்து, தேதி எழுதி, ராகம் எழுதி, பீரோவில் அடுக்கி வைத்த குடும்பங்கள் இருக்கின்றன. மதுரை மணி ஐயரோ, ஜி.என்.பி.யோ மேடையில் எப்படிப் பாடினார்கள் என்று இன்றைக்கு ஒரு காலேஜ் மாணவர் கேட்க முடிகிறது என்றால், அந்த பீரோக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மியூசிக் அகாடமியில் உட்கார்ந்து பழைய கச்சேரிகளைக் கேட்பதற்கென்றே ஒரு டிஜிட்டல் காப்பகம் இருக்கிறது. அகில இந்திய வானொலியின் சேமிப்பும் உண்டு.

கானாவுக்கு அந்த பீரோ இல்லை. டேப் ரெக்கார்டர் வாங்கக் காசு இருந்தவர்கள் குறைவு. வாங்கியவர்கள் வீட்டிலும் மழைத் தண்ணீர் புகுந்தது. வட சென்னையின் தாழ்வான பகுதிகளில் ஒவ்வொரு பெருமழைக்கும் முதலில் நனைவது தரையோடு வைத்த பெட்டிகள்தான். எர்ணாவூரில் சுனாமிக் குடியிருப்பு என்றே ஒரு பகுதி இருக்கிறது. 2004-ல் கடல் பொங்கியதில் வீட்டைப் பறிகொடுத்தவர்களுக்காகக் கட்டப்பட்டது. வீடே போன இடத்தில் கேசட் எங்கே மிஞ்சும்?

அதனால்தான் இந்தக் கரகரப்பு வீடியோக்களுக்கு மதிப்பு. ஒரு பகுதியின் பாட்டு வரலாறு இப்போதுதான், முதன்முறையாக, அந்தப் பகுதி மக்கள் கையாலேயே பதிவாகிக்கொண்டிருக்கிறது. 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' போன்ற மேடைகள் கானாவையும் ஒப்பாரியையும் நல்ல தரத்தில் பதிவு செய்து வைக்கின்றன. ஆனால் தெருவில் நடப்பதைத் தெருவில் இருப்பவர்தான் எடுக்க முடியும்.

பாடியவர் பெயர் எங்கே?

பதிவு செய்பவர் கையில் ஒரு பொறுப்பும் வந்துவிடுகிறது. இதிலும் பீட்டில்ஸ் கதை உதவும். ஸ்டார் கிளப் டேப்பை ஆல்பமாக விற்றவர்கள் மீது பீட்டில்ஸ் தரப்பு வழக்குப் போட்டது. 1998-ல் ஜார்ஜ் ஹாரிசன் லண்டன் கோர்ட்டுக்கு வந்து, இவ்வளவு மட்டமான பதிவு எங்கள் பெயரில் வந்ததே இல்லை என்கிற ரீதியில் சாட்சி சொன்னார். தீர்ப்பு பீட்டில்ஸ் பக்கம் வந்தது. ரசிகர்களுக்குப் பொக்கிஷமாக இருக்கும் ஒரு டேப், பாடியவருக்குச் சங்கடமாக இருக்கலாம். ரெக்கார்டரைப் பிடித்தவருக்குப் பாட்டு சொந்தமாகிவிடாது.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் பேண்ட், தங்கள் கச்சேரியை ரசிகர்கள் பதிவு செய்வதை அனுமதித்தது. 1984-லிருந்து அதற்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. நிபந்தனை ஒன்றுதான். டேப்பை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. அதனால்தான் அந்தப் பேண்டின் கச்சேரிகள் ஆயிரக்கணக்கில் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன.

நம் ஊரில் என்ன நடக்கிறது? ஒரு பையன் தெரு மேடையில் பாடுகிறான். யாரோ எடுக்கிறார்கள். இன்னொருவர் அதைத் தன் சேனலில் ஏற்றுகிறார். லட்சக்கணக்கில் வியூஸ் போகிறது. டிஸ்கிரிப்ஷனில் பாடியவர் பெயர் இல்லை. டோலக் வாசித்தவர் பெயர் எங்குமே இல்லை. விளம்பரக் காசு சேனல்காரருக்கு. பாடியவர் அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்குப் போகிறார். இது மாற வேண்டும்.

சாவு வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். அழுதுகொண்டிருக்கும் ஒரு மகளின் முகத்தை, அவரைக் கேட்காமல் ஊருக்குக் காட்ட யாருக்கும் உரிமையில்லை. வீட்டாரிடம் கேட்டுவிட்டு எடுப்பதுதான் மரியாதை. வேண்டாம் என்றால் போனைப் பாக்கெட்டில் போட்டுவிடுவதுதான் சரி. அதேபோல, பெண்களைக் கேவலப்படுத்தும் வரிகள் சில கானாக்களில் வருகின்றன என்ற விமர்சனத்திலும் நியாயம் இருக்கிறது. பதிவு செய்து காப்பாற்றுவது என்றால் எல்லாவற்றுக்கும் கைதட்டுவது என்று பொருள் இல்லை.

உங்கள் போனில் நல்ல பதிவு வர...

இந்த ஆடிக்கு உங்கள் தெருவிலும் கச்சேரி இருக்கிறதா? சில சின்ன விஷயங்களைக் கவனித்தால் போதும்.

ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். அங்கே வரும் பேஸ் சத்தத்தைப் போன் மைக்கால் தாங்க முடியாது. கரகரவென்று உடைந்துவிடும். சவுண்ட் மிக்ஸர் வைத்து ஆபரேட்டர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் எல்லாமே செட் செய்யப்பட்டிருக்கும்.

போன், சத்தம் கூடினால் தானாகவே மைக்கின் அளவைக் குறைக்கும். சத்தம் குறைந்தால் ஏற்றும். அதனால்தான் டோலக் ஓங்கி விழுந்த அடுத்த நொடி பாடகரின் குரல் அமுங்குவது போலக் கேட்கிறது. அளவை நாமே செட் செய்யும் வசதியுள்ள ரெக்கார்டர் ஆப் ஒன்றைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை குறையும்.

முழுப் பாட்டையும் எடுங்கள். ரீல்ஸுக்கு 30 விநாடி போதும். வரலாற்றுக்குப் போதாது. பாட்டு ஆரம்பிக்கும் முன் பாடகர் பேசுவதையும், முடிந்த பின் கூட்டம் கத்துவதையும் வெட்டாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், தரம் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். ஒரு காப்பியைப் போனில் இல்லாத வேறு இடத்தில் வையுங்கள். கிளவுடோ, பென்டிரைவோ, எதுவாக இருந்தாலும் சரி.

கடைசியாக, ரொம்ப முக்கியமானது. ஃபைலின் பெயராகவே பாடியவர் யார், டோலக் யார், சட்டி யார், எந்தத் தெரு, என்ன தேதி என்று போட்டு வையுங்கள். ஒரு வரிதான். சபா பீரோவில் இருந்த டேப்புக்கும் குப்பைக்குப் போன கேசட்டுக்கும் இடையே இருந்த பெரிய வித்தியாசம் அந்த ஒரு வரிதான்.

ஹாம்பர்க்கில் அன்றைக்கு ரெக்கார்டர் பட்டனை அமுக்கியவருக்கு, தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எர்ணாவூர் மேடையின் முன்னால் போனைத் தூக்கிப் பிடிக்கும் தங்கைக்கும் தம்பிக்கும் அதைத் தெரிந்தே செய்யும் வாய்ப்பு இருக்கிறது. கை மட்டும் கொஞ்சம் ஆடாமல் பிடியுங்கள் மக்களே. ஆடினாலும் பரவாயில்லை, பெயரை மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள்!